முறம் பிடிக்கும் விரல்கள்

சேலத்தில் திறந்த பாத்திரத்தில் துவரம்பருப்பு மசிய ஆகும் நேரம் ஏற்காட்டில் போதாது. இருபது கொண்டை ஊசி வளைவுகளையும் ஏறி, சுமார் 1,500 மீட்டர் உயரத்துக்கு வந்துவிட்டால் தண்ணீரை அழுத்தும் காற்றின் பாரம் குறைந்துவிடுகிறது. ஏறக்குறைய 300 மீட்டருக்கு ஒரு டிகிரி வீதம் கொதிநிலை இறங்கிக்கொண்டே வரும். அதனால் ஏற்காட்டு அடுப்பில் தண்ணீர் 95 டிகிரி செல்சியஸிலேயே தளதளவென்று கொதிக்கிறது. விறகை எவ்வளவு தள்ளினாலும் அதற்கு மேல் சூடேறாது. கூடுதல் வெப்பமெல்லாம் ஆவியாகப் போய்விடும். ஐந்து டிகிரிதானே என்று நினைக்கலாம். பருப்பின் செல்சுவரை இளக்கும் வினைகள் அந்த ஐந்து டிகிரிக்கே கணிசமாக மந்தமாகிவிடும். மலைவாசிகளுக்குக் குக்கர் இத்தனை பிடித்துப்போனதற்கு இதுவும் ஒரு காரணம்.

பள்ளிப் புத்தகத்தில் இந்த விஷயம் ஒரே வரியில் முடிந்துவிடும். பரீட்சையில் அந்த வரியை எழுதி மார்க் வாங்கிய பிள்ளை, "தண்ணி கொதிச்சிடுச்சு, அடுப்பை அணைக்கட்டுமா?" என்று சமையலறையிலிருந்து கேட்பதும் உண்டு. பருப்பை விரலால் நசுக்கிப் பார்த்து "கொதிக்குது, ஆனா வேகலை" என்று சொல்லத் தெரிந்த பிள்ளைக்குக் கொதிப்பது வேறு, வேகுவது வேறு என்பது யாரும் சொல்லாமலே தெரிந்திருக்கிறது. சொல்லிக் கொடுப்பதால் வருகிற அறிவும் செய்து பார்ப்பதால் வருகிற அறிவும் மூளையில் வெவ்வேறு இடங்களில் தங்குகின்றன. இதற்கு உறுதியான சான்று 1950-களிலேயே கிடைத்துவிட்டது.

எச்.எம். என்ற முதலெழுத்துகளால் மருத்துவ உலகம் அறிந்த ஓர் அமெரிக்கருக்கு, வலிப்பு நோயைத் தணிக்க 1953-இல் மூளை அறுவை சிகிச்சை செய்தார்கள். ஹிப்போகேம்பஸ் என்ற பகுதியின் பெரும்பங்கு அகற்றப்பட்டது. அதன்பிறகு அவரால் புதிதாக எதையும் நினைவில் வைத்துக்கொள்ள முடியவில்லை. சற்றுமுன் பேசிவிட்டுப் போனவரையே மறந்துவிடுவார். பிரெண்டா மில்னர் என்ற உளவியலாளர் அவரிடம் ஒரு நட்சத்திரப் படத்தைக் கொடுத்து, கண்ணாடியில் தெரியும் பிம்பத்தை மட்டும் பார்த்துக்கொண்டே அதன் ஓரத்தைப் பென்சிலால் வரையச் சொன்னார். இடம் வலமாகத் தெரியும் அந்த வேலை முதலில் எல்லோரையும் திணறடிக்கும். எச்.எம். நாளுக்கு நாள் தேறினார். மூன்றாம் நாள் கோடு பிசகாமல் வந்தது. ஆனால் அந்த வேலையை முன்பு செய்ததாகவே அவருக்கு ஞாபகமில்லை. அவர் மறந்ததைக் கை மறக்கவில்லை.

கையின் இந்தக் கல்விக்குச் சிறுமூளையும், பெருமூளையின் அடியில் உள்ள அடித்தள முடிச்சுகளும் பொறுப்பு. ஒவ்வோர் அசைவுக்கும் முன்னால் "இப்படி ஆட்டினால் இப்படி ஆகும்" என்று சிறுமூளை ஒரு கணிப்பு போட்டுவைக்கிறது. நடந்தது கணிப்பிலிருந்து விலகினால், அந்த விலகலை வைத்து அடுத்த அசைவைத் திருத்துகிறது. எனவே பிழை இல்லாமல் கைவேலை கற்கவே முடியாது. பிள்ளை சிந்துவதற்கு முன்பே பாத்திரத்தைப் பிடுங்கிக்கொள்ளும் தாய், அவனுடைய சிறுமூளைக்குக் கிடைக்கவேண்டிய தகவலைத்தான் பிடுங்குகிறாள். நான் பெரிதும் வலியுறுத்த நினைப்பது இந்த ஒன்றைத்தான்.

சேர்வராயன் மலையின் மலையாளிப் பழங்குடி வீடுகளில் இதற்கு நல்ல உதாரணம் முறம். பெயரைப் பார்த்துக் கேரளத்துக்காரர்கள் என்று நினைக்கவேண்டாம். பேசுவது தமிழ், காஞ்சிபுரத்திலிருந்து மலையேறி வந்தவர்கள் என்பது அவர்கள் வழிவழியாகச் சொல்லிவருவது. சாமையும் கேழ்வரகும் இந்த மலையின் பழைய உணவு. சாமை மணி இரண்டு மில்லிமீட்டர் தேறினால் அதிகம். உரலில் குத்தியபின் உமி, தவிடு, குத்துப்படாத மணி, சின்னக்கல் எல்லாம் ஒன்றாகக் கிடக்கும். முறத்தில் அள்ளி மேலே வீசிப் புடைக்கும்போது, ஒவ்வொரு துணுக்கும் தன் எடைக்கும் தன்மேல் படும் காற்றுத்தடைக்கும் உள்ள விகிதப்படி விழுகிறது. உமிக்கு எடை குறைவு, பரப்பு அதிகம், மெதுவாக இறங்கும். அதற்குள் முறம் கீழிருந்து மேலே வருகையில் எழும் காற்று அதை முன்விளிம்புக்கு அப்பால் தள்ளிவிடும். மணி நேராக இறங்கி முறத்தின் குழிவுக்குத் திரும்பும். வீச்சு கொஞ்சம் கூடினால் மணியும் மண்ணுக்குப் போகும். குறைந்தால் உமி இருந்த இடத்திலேயே இருக்கும். அந்த அளவை வாயால் எப்படிச் சொல்லிக்கொடுப்பது? மணிக்கட்டை எத்தனை டிகிரி திருப்பவேண்டும் என்று எந்தப் பாட்டியும் பேரனுக்குச் சொன்னதில்லை. சின்ன முறத்தில் ஒரு கைப்பிடி போட்டுக் கொடுப்பாள். கீழே சிந்தியதைக் கோழி கொத்திக்கொள்ளும்.

கல் அரிக்கும் வேலையில் இன்னும் அழகான இயற்பியல் இருக்கிறது. தானியத்தின் அடர்த்தி தண்ணீரைப்போல் ஒன்றரை மடங்குக்குக் கொஞ்சம் கீழே. கல்லின் அடர்த்தி சுமார் 2.65 மடங்கு. ஒரே அளவுள்ள மணியையும் கல்லையும் காற்றில் எடைபோட்டால் கல் இரண்டு மடங்குகூடக் கனக்காது. தண்ணீருக்குள் போட்டால் ஆர்க்கிமிடீஸ் கணக்கு நுழைகிறது. இரண்டின் எடையிலும் தண்ணீர் ஒவ்வொரு பங்கைக் கழித்துவிடும். மணிக்கு மிஞ்சுவது 0.4, கல்லுக்கு 1.65. இப்போது கல் நாலு மடங்கு கனம்! பாத்திரத்தைச் சாய்த்துச் சுழற்றிச் சுழற்றித் தண்ணீரோடு தானியத்தை அடுத்த பாத்திரத்துக்கு ஊற்றும்போது கல் அடியில் தங்கிவிடுவது இதனால்தான். ஆறு வயதுப் பிள்ளையால் இதைச் செய்யமுடியும். கடைசியில் அடியில் மிஞ்சிய கற்களை எண்ணிப் பார்க்கச் சொன்னால் போதும், வேலை விளையாட்டாகிவிடும்.

எந்த வயதில் தொடங்குவது என்று கேட்டால், ஆராய்ச்சி தரும் பதில் பெற்றோருக்குச் சற்று சங்கடமானது. ஜெர்மனியின் லைப்சிக் நகரில் பெலிக்ஸ் வார்னெக்கனும் மைக்கேல் தொமசெல்லோவும் 2006-இல் வெளியிட்ட ஆய்வில், 18 மாதக் குழந்தைகளின் முன்னால் ஒருவர் துணி காயப்போடுகிறார், கிளிப் கைதவறி விழுகிறது, எட்டவில்லை. யாரும் கேட்காமல், பாராட்டாமல், பெரும்பாலான குழந்தைகள் தத்தித் தத்திப் போய் எடுத்துக் கொடுத்தார்கள். வேண்டுமென்றே கீழே எறிந்தபோது அப்படி எடுத்துக் கொடுத்தவர்கள் குறைவு. இரண்டு ஆண்டு கழித்து அதே இருவரும் இன்னொரு சோதனை செய்தார்கள். உதவி செய்த 20 மாதக் குழந்தைகளில் ஒரு பிரிவுக்குப் பரிசு கொடுத்தார்கள். பரிசு பெற்ற பிள்ளைகள் பிறகு உதவுவது குறைந்துபோனது. பாத்திரம் கழுவினால் பத்து ரூபாய் என்று பேரம் பேசும் வீடுகள் இதை யோசிக்கலாம்.

ஆக, ஒன்றரை வயதில் உதவ வருகிற பிள்ளையை "போடா அந்தப் பக்கம், காலுக்குள்ள வராதே" என்று விரட்டுகிறோம். பத்து வயதில் அவன் வராதபோது பொறுப்பில்லை என்கிறோம். இரண்டு வயதுப் பிள்ளையின் உதவி உதவியே இல்லை என்பது உண்மைதான். வேலை இரட்டிப்பாகும். அதைச் சகித்துக்கொள்ளும் வீடுகளுக்குத்தான் பிற்பாடு ஆள் கிடைக்கிறது.

குவாத்தமாலாவின் மாயா பழங்குடி ஊர்களில் பல்லாண்டு வேலை செய்த பார்பரா ரோகாஃப், அங்கே பிள்ளைகளுக்கென்று தனியாகப் பாடம் நடத்துவதில்லை என்று கவனித்தார். பெரியவர்கள் வேலை செய்வார்கள். பிள்ளை பக்கத்தில் இருந்து பார்க்கும். முடிந்த இடத்தில் கைகொடுக்கும். மாரிசெலா கொரேயா சாவெஸுடன் சேர்ந்து 2009-இல் அவர் வெளியிட்ட ஆய்வு ஒன்று: இரண்டு பிள்ளைகளில் ஒருவருக்கு மட்டும் பொம்மை செய்யச் சொல்லிக் கொடுக்கிறார்கள், மற்றவர் பக்கத்தில் காத்திருக்கவேண்டும். பின்னர் காத்திருந்த பிள்ளையிடம் அதே பொம்மையைச் செய்யச் சொன்னால், மரபான மாயா குடும்பத்துப் பிள்ளைகள் அமெரிக்க நடுத்தர வர்க்கப் பிள்ளைகளைவிடக் குறைந்த உதவியில் செய்து முடித்தார்கள். தமக்குச் சொல்லாததையும் பார்த்து வைத்திருந்தார்கள். தாய்மார் நீண்டகாலம் பள்ளிக்கூடம் போயிருந்த மாயா குடும்பங்களில் இந்தப் பழக்கம் குறைவாக இருந்தது. பள்ளிக்கூடம் வேண்டாம் என்பதல்ல இதன் பொருள். எனக்குச் சொன்னால்தான் கவனிப்பேன் என்ற குணத்தை அது கூடவே கற்றுத்தந்துவிடுகிறது.

பார்த்துப் படிப்பது எவ்வளவு பழையது என்று தேடுவதற்கும் ஏற்காட்டில் ஒரு தொடக்கம் உண்டு. 1863-இல் பல்லாவரத்தில் பழைய கற்காலக் கைக்கோடரியைக் கண்டெடுத்து இந்திய வரலாற்றையே பின்னோக்கி நகர்த்திய ராபர்ட் புரூஸ் ஃபூட், கடைசிக் காலத்தில் குடியிருந்தது ஏற்காட்டில். 1912-இல் இறந்த அவருக்கு அங்குள்ள ஹோலி டிரினிட்டி தேவாலயத்தில் நினைவிடம் இருக்கிறது. சென்னை அருங்காட்சியகம் 1904-இல் வாங்கிய அவருடைய சேகரிப்பில் சேர்வராயன் மலையின் புதிய கற்காலக் கோடரிகளும் உண்டு. தேய்த்து வழவழப்பாக்கிய அந்தக் கருங்கற்களை எந்தப் பையன் யாரிடம் கற்றுச் செய்தான் என்பதற்குத் தடயமில்லை. பிரான்சின் எத்தியோல் என்ற இடத்தில் தடயம் கிடைத்திருக்கிறது. பனியுகத்தின் இறுதியில் வேட்டையாடிகள் தங்கிய அந்த முகாமில் அடுப்பை ஒட்டித் தேர்ந்த கைகள் உடைத்த கற்சில்லுகள். தள்ளித் தள்ளிப் போகப் போக, கோணல்மாணலாக, மட்டமான கல்லில் உடைத்த சில்லுகள். நல்ல கல் ஆசானுக்கு, கழிவுக்கல் கற்றுக்குட்டிக்கு. விளிம்பில் உட்கார்ந்து பார்த்துப் பார்த்துத் தட்டியவர்களின் பிழைகள் ஆயிரக்கணக்கான ஆண்டுகள் கழித்தும் அப்படியே கிடக்கின்றன.

இன்றைய பிள்ளையின் கையில் கற்சில்லுக்குப் பதில் கத்தி என்றதும் பெற்றோருக்கு அடிவயிறு கலங்கும். அரிவாள்மனையோ கத்தியோ, மொண்ணையாக இருப்பதுதான் ஆபத்து. தக்காளியின் மேல் கத்தியை நேராக வைத்து அழுத்திப் பாருங்கள்: நசுங்கும், ஆனால் வெட்டுப்படாது. லேசாக இழுத்தால் உடனே இறங்கும். ஏன் என்பதை ஹார்வர்டில் பணியாற்றும், சென்னை ஐ.ஐ.டி.யில் படித்த எல். மகாதேவனும் சகாக்களும் 2012-இல் மென்மையான கூழ்மத்தைக் கம்பியால் அறுத்துக் காட்டி விளக்கினார்கள். நேரே அழுத்தினால் பொருள் முழுவதும் உருக்குலைந்த பிறகே விரிசல் தொடங்கும். இழுக்கும்போது மேற்பரப்பில் உண்டாகும் இழுவிசையால் மிகக் குறைந்த அழுத்தத்திலேயே விரிசல் பிறந்துவிடும். மொண்ணைக் கத்தியைக் கொடுத்தால் பிள்ளை இழுக்காமல் அமுக்குவான். அமுக்கின கை வழுக்கும். கூரான சின்னக் கத்தி, உருளாதபடி பாதியாகப் பிளந்த வாழைக்காய், பக்கத்தில் ஒரு பெரியவர். தொடக்கத்துக்கு இது போதும்.

எத்தனை வயதில் என்பதற்கு விரல்களே வரம்பு சொல்கின்றன. ஒரு கையின் உள்ளங்கைப் பக்கத் தோலில் சுமார் 17,000 தொடு நரம்பு உணரிகள் உள்ளன. பிடித்த பொருள் நழுவத் தொடங்கினால், நமக்குத் தெரியும் முன்பே, ஒரு விநாடியின் பத்தில் ஒரு பங்குக்குள் பிடி இறுகிவிடும். ஸ்வீடனின் ஹான்ஸ் ஃபோர்ஸ்பெர்க் குழு 1991-இல் காட்டியபடி, சின்னக் குழந்தைகள் தேவைக்கு மிஞ்சி இறுக்கிப் பிடிப்பார்கள், தூக்கும் விசை தாறுமாறாக இருக்கும். சுமார் எட்டு வயதில்தான் அது பெரியவர்களின் பாணியை நெருங்குகிறது. மெருகேறுவது அதற்குப் பிறகும் தொடரும். நாலு வயதுப் பிள்ளை கண்ணாடி டம்ளரை உடைத்தால் அது அலட்சியமில்லை என்று அம்மாக்களிடம் யாராவது சொல்லவேண்டும்.

மரியா மாண்டிசோரி இந்த விஷயத்தில் முன்னோடி. தண்ணீர் ஊற்றுவது, பொத்தான் போடுவது, பெருக்குவது ஆகியவற்றைப் பாடத்திட்டத்துக்குள்ளேயே கொண்டுவந்தவர். 1939-இல் அடையாற்றுக்கு வந்து, உலகப்போரால் திரும்ப முடியாமல், சில ஆண்டுகள் கொடைக்கானலில் தங்கி வகுப்பு நடத்தினார். பொம்மைக் கத்தி, பொம்மை அடுப்பு அவருக்குப் பிடிக்காது. உடையக்கூடிய உண்மையான பாத்திரத்தையே பிள்ளையின் கைக்கேற்ற அளவில் கொடுக்கச் சொன்னார்.

ஏற்காட்டு மலையிலேயே, ஒரு கொல்லையில் நிற்கும் நாலைந்து காப்பிச் செடிகளை வைத்துக்கொண்டு, ஒரு முழுப் பாடத்திட்டமே நடத்தலாம். சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் 1820-களில் கொண்டுவந்து நட்ட பயிர் அது. எஸ்டேட் காப்பி வேறு கதை; அங்கே பிள்ளைகளின் கை படவே கூடாது. 14 வயதுக்குட்பட்டவர்களை வேலைக்கு வைப்பதைத் தடைசெய்யும் சட்டத்தில் 2016-இல் செய்த திருத்தம், பள்ளி நேரம் போக, ஆபத்தில்லாத குடும்பத் தொழிலில் உதவ இடம் தருகிறது. அந்த இடுக்கு வழியாகக் கூலிவேலை நுழைந்துவிடும் என்று அப்போதே எதிர்த்தவர்கள் உண்டு. அவர்கள் பயம் நியாயமானது. எவ்வளவு முடிந்தது என்று எடைபோட்டுப் பார்க்கும் வேலையில் பிள்ளைக்குப் படிப்பும் இல்லை, விளையாட்டும் இல்லை. கொல்லைச் செடியில் எடைக்கல்லுக்கு வேலையில்லை.

நவம்பர் வாக்கில் அரபிகா பழுக்கத் தொடங்கும். முதல் பாடம் நிறம். அடர்சிவப்பு, விரலால் அழுத்தினால் கொட்டை பிதுங்கி வெளியே வரவேண்டும். பச்சை ஏறியது வராது. பறித்ததை வாளித் தண்ணீரில் கொட்டினால் சொத்தையும் பொக்கும் மிதக்கும். தோல் பிதுக்கிய கொட்டைகளைச் சுற்றி வழவழவென்று ஒரு பசை இருக்கும். பெக்டின் நிறைந்த அந்தப் பசை தேய்த்தால் போகாது. பாத்திரத்தில் மூடி வைத்தால் நுண்ணுயிர்களும் நொதிகளும் அதை உடைத்துத் தின்றுவிடும். எவ்வளவு நேரம்? கீழே வெயிலில் ஒரு நாளில் முடிவது ஏற்காட்டுக் குளிரில் ஒன்றரை நாளும் பிடிக்கும். கடிகாரம் பார்த்துப் பயனில்லை. கைநிறைய அள்ளித் தேய்க்கவேண்டும்: வழுக்கினால் இன்னும் ஆகவில்லை, கூழாங்கல் உரசுவதுபோல் நறநறவென்றால் ஆயிற்று. ஏழு வயதுப் பிள்ளைக்கு இந்த வேலையை முழுதாகவே ஒப்படைத்துவிடலாம். தாமதித்தால் புளித்து நாறும். அந்த நாற்றமும் ஒரு தகவல்.

கழுவிப் பாயில் பரப்பிக் காயவைக்கும்போது மூடுபனி வந்து கெடுக்கும். ஈரக்காற்றில் நீர் ஆவியாகாது. சில சமயம் காற்றிலிருந்தே கொட்டை ஈரம் ஏற்றிக்கொள்ளும். எப்போது பரப்புவது, எப்போது வாரி மூடுவது என்று வானத்தைப் பார்க்கப் பழகும் வேலை பிள்ளைக்கு. ஈரம் பத்து சதவீதத்துக்கு வந்தபின் உரலில் லேசாகக் குத்தினால் மேலே இருக்கும் காகிதம் போன்ற உறை உடையும். அதை நீக்க மறுபடி முறம். சாமை புடைத்த கை இங்கே தடுமாறும். மணி பெரிது, கனம் அதிகம், வீச்சு வேறு. இந்தத் தடுமாற்றம் நல்லது என்கிறது 1978-இல் கெர், பூத் என்ற இருவர் நடத்திய சோதனை. எட்டு வயதுப் பிள்ளைகளில் ஒரு பிரிவு மூன்றடி தூரத்து இலக்கில் மட்டும் சிறு பையை வீசிப் பழகியது. இன்னொரு பிரிவு இரண்டடி, நாலடி என மாற்றி மாற்றிப் பழகியது, மூன்றடியில் ஒருமுறைகூட வீசவில்லை. கடைசியில் மூன்றடியில் சோதித்தபோது இந்த இரண்டாவது பிரிவுதான் நன்றாக வீசியது. ஒரே மாதிரி நூறு தடவை செய்த கையைவிட, விதவிதமாகச் செய்த கை விதியைப் பிடித்துக்கொள்கிறது.

வறுப்பது பத்து வயதுக்கு மேல், பெரியவர் கூடவே நிற்க. இரும்புச் சட்டி, மரக்கரண்டி, இடைவிடாத கிளறல். பச்சைக் கொட்டை முதலில் மஞ்சளாகும். புல் வாடை போய் ரொட்டி வாடை வரும். சர்க்கரையும் அமினோ அமிலமும் சேரும் மெயிலார்டு வினை அது. உள்ளே மிஞ்சிய ஈரம் நீராவியாகி அழுத்தம் ஏறி, கொட்டை 200 டிகிரியை நெருங்கும்போது படபடவென்று வெடிக்கும். அந்தச் சத்தத்துக்குப் பிறகு சில நிமிடங்களில் எல்லாம் முடிந்துவிடும். அடுப்பிலிருந்து இறக்கினாலும் சட்டியின் சூட்டில் கொட்டை கருகிக்கொண்டே போகும் என்பதால் உடனே முறத்தில் கொட்டி ஆற்றவேண்டும். முதல் தடவை எல்லாப் பிள்ளைகளும் இதில் பிந்துவார்கள். அதனால் ஐம்பது கிராம் மட்டும் கொடுங்கள். கருகினால் ஒருநாள் காப்பிதான் நஷ்டம். அந்தக் கசப்பு டிகாக்‌ஷனையும் வீட்டில் எல்லோரும் குடித்துவிடுங்கள், வறுத்தவருக்குப் பால் போதும்.